சோமனூர்ச் சாம்பல் கிளியும் நான் சொன்ன ஒரு வார்த்தையும்

கிளி கடித்த காயத்தோடு ஒரு குடும்பம் உங்கள் அறைக்குள் வந்தால், கூண்டைப் பார்ப்பதற்கு முன் யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இதைக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் அந்த வயதில் நான் கேட்டிருக்க மாட்டேன்.

நான் அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் மாடும் எருமையும் வெள்ளாடும் பார்த்துக் கை பழகியவன். ஓய்வு பெற்ற பிறகு காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு சந்தில் சின்னதாகக் கிளினிக் போட்டேன். நாயும் பூனையும் வரும் என்று நினைத்தேன். வந்ததில் பாதி பறவைகள். டவுன் பஸ்ஸில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். பறவை வைத்தியத்தை அறுபது வயதுக்கு மேல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டும் கடி வாங்கியும் கற்றுக்கொண்டேன். இப்போது கிளினிக்கும் இல்லை. உங்களைப் போன்ற இளம் கால்நடை மருத்துவர்கள் கூப்பிட்டால் வந்து பேசுகிறேன். எல்லோரும் ஜெயித்த கதையைத்தான் கேட்க ஆசைப்படுகிறார்கள். இன்றைக்கு நான் கெடுத்த கதை ஒன்றைச் சொல்கிறேன்.

மார்கழி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. சோமனூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. விசைத்தறிக் குடும்பம். வீட்டின் பின்சுவரை ஒட்டியே தறிக்குடோன். வந்தவர்கள் நான்கு பேர். பிரகாஷ் என்ற இளைஞன், அவனுடைய அம்மா, அவனுடைய பெரியப்பா, அவனுக்குப் புதிதாக மனைவியாக வந்திருந்த நித்யா. கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும். நித்யாவின் இடது கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இரண்டு தையல் என்றார்கள்.

கடித்தது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைக்கச் சட்டம் இடம் தராது என்பதால் வெளிநாட்டுக் கிளி வாங்கி, ஒழுங்காகப் பதிவும் செய்திருந்தார்கள். குஞ்சாக வந்து ஐந்து வருடம். பிரகாஷ் ஒரே பிள்ளை என்பதால், அவனுக்கு அடுத்ததாக வந்த கிளிக்குச் சின்னவன் என்று பெயர். தறி ஓடுகிற சத்தத்தை 'டக்கட டக்கட' என்று அப்படியே போடும். நடுவில் நிறுத்தி, "ஏனுங்க, சாப்டாச்சுங்களா?" என்று கேட்கும். ஐந்து வருடமாக ஒருவரையும் கீறியது கூட இல்லையாம்.

"இந்த ஒரு மாசமாத்தானுங்க இப்படி" என்றார் அம்மா. "அவ பக்கத்துல வந்தாலே கண்ணு மணி சுருங்கிச் சுருங்கி விரியுதுங்க. றெக்கையத் தொங்கப் போட்டுட்டு ஓடி வருது. பிரகாசு கையில மட்டும் தின்னதையெல்லாம் கக்கி ஊட்டி உடுதுங்க."

பெரியப்பா தீர்வோடு வந்திருந்தார். "றெக்கைய வெட்டி உட்டுருங்க டாக்டரு. அடங்கிரும்."

அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஐந்து வயதுக் கிளி, பருவம் வந்துவிட்டது, ஹார்மோன் வேகம், ஒருவரை ஜோடியாக வரித்துக்கொண்டு மற்றவரை விரட்டுகிறது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. எடை பார்த்தேன், எச்சம் பார்த்தேன், தீனி என்ன என்று கேட்டேன்.

"ராத்திரியில இது..." என்று நித்யா ஆரம்பித்தாள்.

"ஒரு நிமிசம் அம்மணி" என்று கையைக் காட்டிவிட்டு நான் பிரகாஷின் பக்கம் திரும்பினேன். கிளி அவனுடையது, அவனிடம்தான் கேட்க வேண்டும் என்பது என் கணக்கு. அப்புறம் அந்த ஒரு நிமிடம் வரவே இல்லை.

கடைசியில் அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று, கொஞ்சம் தமாஷாகவே சொன்னேன். "ஒண்ணும் பயப்படாதீங்க. தம்பியைத் தன்னோட ஜோடியா நெனச்சுப்போட்டுதுங்க உங்க சின்னவன். புதுசா வந்தவங்களப் பிடிக்கல. சக்களத்தி மாதிரிப் பார்க்குது. கொஞ்ச நாளைக்கு அம்மணி அது கண்ணுல படாம இருந்தாப் போதுமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சிக்கலான விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன் இல்லையா?

நான் சொன்னது முழுப் பொய்யல்ல என்பதைக் கவனியுங்கள். முழுப் பொய்யென்றால் யாராவது மறுத்திருப்பார்கள். பாதி உண்மை என்பதால் அது அந்த வீட்டில் போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

தை முடியப்போகிற சமயத்தில் பிரகாஷ் தனியாக வந்தான். உள்ளங்கையில் கட்டு.

"இப்ப என்னையே கடிக்குதுங்க" என்றான்.

"அம்மணி எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். மரியாதைக்குக் கேட்டதுதான்.

"அவங்க ஊட்டுல இருக்காளுங்க. அந்தியூர்ப் பக்கம்."

"பொங்கலுக்குப் போனாங்களா?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இல்லீங்க. இங்கிருந்து போன மறுநாளே கொண்டுபோய் உட்டுட்டோம். அது கண்ணுல படக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அடுத்த அறைக்குப் போ என்கிற அர்த்தத்தில் நான் சொன்னதை அவர்கள் அடுத்த மாவட்டத்துக்கு அனுப்புகிற அளவுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது மட்டுமில்லை. ஐந்து வருடம் செல்லமாக இருந்த ஜீவன் இவள் காலடி வைத்ததும் மாறிவிட்டது, டாக்டரே சொல்லிவிட்டார் என்று பேச்சு சொந்தக்காரர்களிடம் சுற்றியிருக்கிறது. தை பிறந்ததும் அழைத்து வருவதாக இருந்தவர்கள், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். நினைத்த நிறம் வந்தால் சம்மதம். அன்றைக்கு நினைத்த நிறம் வரவில்லை.

"அம்மா அதுக்கப்புறம் பேச்சே எடுக்கறதில்லீங்க. அவளும் போன் எடுக்கறதில்ல. அவங்கப்பா, நகையத் திருப்பிக் குடுங்கன்னு ஆள் உட்டிருக்காருங்க" என்றான் பிரகாஷ். அவன் கண் கலங்கியிருந்தது. கிளிக்கு வைத்தியம் கேட்க வந்தவன் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் சொன்ன காரணத்தை அப்புறப்படுத்தியும் நோய் குறையவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது நோயாளியை அல்ல, உங்களை. அவள் போய் ஆறு வாரமாகியும் கிளி கடிக்கிறது, முன்பைவிட மோசமாகக் கடிக்கிறது என்றால், கடிக்குக் காரணம் அவள் எப்படியாகும்? இதை மாடு பார்த்த காலத்தில் நான் உடனே கேட்டிருப்பேன். மாடு பார்க்கப் போனால் தொழுவத்துக்குள் கால் வைக்காமல் வர முடியாது. கிளினிக் வைத்த பிறகு, கூண்டில் அடைத்து மேஜை மேல் வைப்பதை மட்டும் பார்க்கிற ஆளாகிவிட்டேன். கிளி எங்கே தூங்குகிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று மத்தியானமே கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவனோடு சோமனூருக்குப் போனேன்.

வீட்டுக்குள், தறிக்குடோன் சுவரை ஒட்டி ஒரு நீளமான நடை. அதில்தான் கூண்டு இருந்தது. முன்பெல்லாம் முன் ஹாலில் இருந்ததாம். ஏழு மணிக்கு அம்மா ஒரு பழைய பருத்திச் சேலையைப் போட்டு மூடினால் விடிகிற வரை சத்தமே இருக்காதாம். கல்யாணத்துக்கு ஆட்கள் வந்து போக ஹாலை ஒழித்தபோது கூண்டை நடைக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்புறம் ஹாலில் சோபா வந்துவிட்டது. கூண்டு நடையிலேயே தங்கிவிட்டது, சேலை போட்டு மூடுவதும் நின்றுவிட்டது. நடையின் மேல்சுவரில் காற்றுக்காக விட்ட ஓட்டைகள் வரிசையாகத் தறிக்குடோனைப் பார்த்து இருந்தன. பகலிலேயே டியூப்லைட் வெளிச்சம் அவற்றின் வழியாகக் கூண்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"நைட் ஷிப்ட் ஓடுதா?" என்று கேட்டேன்.

"தறி நிக்கறதே இல்லீங்க" என்றான் பிரகாஷ்.

பகல் நீண்டுகொண்டே போனால் பறவையின் உடம்பு அதைக் கூடு கட்டுகிற காலம் என்று எடுத்துக்கொள்ளும். இந்தக் கிளிக்கு இரண்டரை மாதமாக ராத்திரியே வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. நித்யாவின் வீட்டார் சீராகக் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்கள் நடையின் மூலையில் கிடந்தன. மார்கழி கழியட்டும், தையில் நல்ல நாள் பார்த்து எடுத்து வைக்கலாம் என்று விட்டவை, எடுத்து வைக்க வேண்டியவளே இல்லாததால் அப்படியே கிடந்தன. அவற்றில் ஒரு பெரிய அண்டா பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கூண்டைத் திறந்துவிட்டால் சின்னவன் நேரே அதற்குள்தான் போவானாம். குனிந்து பார்த்தேன். உள்ளே இருட்டு, கிழித்துப் போட்ட அட்டைத் துண்டுகள், நூல் பிசிறு. முட்டை ஒன்றுதான் பாக்கி.

ஆக, அந்தப் பெண் தன் வீட்டுப் பாத்திரத்தைத் துடைக்கக் குனிந்த ஒவ்வொரு முறையும் ஒரு கிளியின் கூட்டுக்குள் முகத்தை நீட்டியிருக்கிறாள். பார்த்தவர்களுக்குத் தோன்றியது வேறு. அவள் கொண்டுவந்த சீரையே கிளி தொட விடவில்லை! கல்யாணத்தால் வந்த தொந்தரவு முழுவதையும் கல்யாணப் பெண்ணின் தலையில் இறக்கி வைத்திருந்தோம். இறக்கியவர்களில் படித்தவன் நான் ஒருவன்.

செய்ய வேண்டியதை நீங்களே சொல்வீர்கள். கூண்டை ஹாலுக்கு மாற்றினோம். சாயங்காலம் ஆறரைக்கு மூடி, காலை ஏழுக்குத் திறக்கச் சொன்னேன். பாத்திரங்களை அறைக்குள் வைத்துப் பூட்டச் சொன்னேன். கல்யாணத்தில் மிஞ்சிய பாதாமையும் முந்திரியையும் ஊட்டிக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தினேன். பிரகாஷ் போன் பேசிக்கொண்டே அதன் முதுகைத் தடவிக்கொண்டிருப்பானாம். தலையைத் தவிர வேறெங்கும் தொடாதே என்றேன். கடிக்க வந்தால் கத்தாமல், அடிக்காமல், குச்சியில் ஏற்றிக் கூண்டில் விட்டுவிட்டு நகர்ந்துவிடச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் பிரகாஷ் போன் செய்தான். கடி நின்றுவிட்டது, பழையபடி எல்லோரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறது என்றான்.

"அப்ப அம்மணியக் கூட்டியாங்க" என்றேன்.

"பூ வேண்டாம்னு வந்துருச்சுங்களே. அம்மாகிட்ட எப்படிங்க பேசறது?"

அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கிளி குணமாகிவிட்டது. மற்றது அவர்கள் குடும்ப விஷயம். நான் கிறிஸ்தவன், பூக் கேட்பதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நான்கு நாள் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில், சொல்லால் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிற இடம் வந்தபோது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற என் மனைவி திரும்பிப் பார்த்தாள். மறுநாள் பிரகாஷிடம் வழி கேட்டுக்கொண்டு அந்தியூருக்குப் பஸ் ஏறினேன்.

நித்யாவின் அப்பா விவசாயி. அந்தியூர்ச் சந்தைக்கு வருடாவருடம் மாடு கொண்டுபோகிறவர். என்னை உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. நித்யா வந்து தூணோரம் நின்றாள். கன்னத்தில் தையல் தழும்பு வெளுத்துப் போயிருந்தது. நான் வெளிச்சத்தைச் சொன்னேன், அண்டாவைச் சொன்னேன், உன் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மணி, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்றேன்.

"அது எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"தெரியுமா?"

"ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போறப்பல்லாம் பார்ப்பனுங்க. லைட்டைப் பார்த்துட்டு முழிச்சுட்டேதான் உக்காந்திருக்கும். பாவமா இருக்கும். அன்னைக்கு உங்ககிட்ட அதைத்தானுங்க சொல்ல வந்தேன். ஒரு நிமிசம்னீங்க."

கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தேன்.

"எங்கூட்டுல மாடு முட்டுச்சுன்னா, முட்டு வாங்குனவங்களத்தானுங்க எங்கப்பா மொதல்லக் கேப்பாரு. நீ எங்க நின்ன, அது எதையப் பார்த்துச்சுன்னு. நீங்க கடி வாங்காதவங்க எல்லார்த்துகிட்டயும் கேட்டீங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அரசுப் பணியில் எத்தனையோ மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒன்றும் இப்படி உறைத்ததில்லை.

"என்னை மன்னிச்சுரு கண்ணு" என்றேன்.

"மன்னிக்கறதுக்கென்னங்க. ஆனா இங்க வந்து எங்கிட்டச் சொன்னா எனக்கென்னுங்க ஆகும்? நீங்க சிரிச்சுட்டுச் சொன்னது அத்தன பேரு முன்னால. இதையும் அத்தன பேரு முன்னால சொல்லுங்க. அப்புறம் அவங்க கூப்பிட்டா வாரேன். கூப்பிடலைன்னா, அது கிளியால இல்லைன்னாவது எல்லார்த்துக்கும் தெரியட்டும்."

அவளுடைய அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "காப்பி ஆறுது, குடிங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோமனூருக்குப் போனேன். பிரகாஷிடம் சொல்லி, பெரியப்பாவையும், அக்கம்பக்கத்தில் இந்தக் கதையைப் பேசிய நான்கைந்து பேரையும் வரச் சொல்லியிருந்தேன். ஹாலில் உட்கார்ந்தார்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன், பொண்ணு மேல் ஒன்றுமில்லை, விளக்கு வெளிச்சமும் சாய்ந்து கிடந்த பாத்திரமும்தான் காரணம், முதல் நாளே அந்தப் பெண் சொல்ல வந்தாள், நான் வாயை அடைத்துவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். தமாஷ் எதுவும் சேர்க்கவில்லை.

பெரியப்பா கனைத்துக்கொண்டார். "சரிங்க டாக்டரு. ஆனா பூ வேற மாதிரி வந்துருச்சுங்களே."

"அதைப் பத்திச் சொல்ல நான் ஆள் இல்லீங்க. கிளி விசயம் மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றேன்.

பிரகாஷின் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவரை நான் கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் அவசரம்தான். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"சாமி மேல தப்பில்லீங்க" என்றார். "இவ வந்ததாலதான் இப்படி ஆயிப்போச்சு, கூட்டியாரட்டுமான்னு கேட்டேன். டாக்டரு சொன்ன சொல்ல வெச்சுத்தான கேட்டேன்? கேள்வியே தப்பு. தப்பாக் கேட்டா சாமி என்ன பண்ணும்?" பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அன்னைக்கு நீங்க சிரிச்சீங்க, நாங்களும் சிரிச்சோம். அவ சிரிக்கல. நான் பார்த்தேன். பார்த்துட்டுந்தான் சிரிச்சேன்."

எழுந்து உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார். "பிரகாசு, வண்டிய எடு" என்றார். நல்ல நேரம் பார்க்க வேண்டாமா என்று பெரியப்பா கேட்டார். "பார்த்த வரைக்கும் போதும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். கார் போன பிறகு நானும் பெரியப்பாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது. அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கிளினிக்கை மூடுகிற வரை, கதவைச் சாத்தாமல் நான் ஒரு நோயைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. காயம் பட்டவர் பேசி முடிக்காமல் மருந்துச் சீட்டைத் தொடவில்லை. உங்களுக்குக் கூட்டம் அதிகம், நேரம் குறைவு என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாதம் கழித்து நித்யா போன் செய்தாள். சோமனூருக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். அத்தை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாரா என்று கேட்டேன். பார்த்துக்கொள்கிறார் என்றாள். கொஞ்சம் தயங்கி, சின்னவன் எப்படி என்று கேட்டேன்.

"நேத்துக்கூட வெரல்ல ஒரு கடி போட்டுதுங்க" என்றாள்.

உடனே கேட்டேன். "ஊட்டுல என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. மஞ்சள் வெச்சு உட்டாங்க" என்றாள். "இப்பக் கடிச்சா, கிளி கடிச்சுதுன்னு மட்டுந்தானுங்க."